நான் எழுதாத ஞாயிறுகள்

வலைப்பூவில் வாரம் ஒரு பதிவு எழுதி அலுத்துப்போய், மாதம் ஒன்றுதான் எனக்குக் கட்டுப்படியாகும் என்று தீர்மானித்தேன். முதல் பத்து நாள் குறிப்பு, அடுத்த பத்து நாள் எழுத்து, கடைசிப் பத்து நாள் திருத்தம். வாசகர்களுக்கும் முறைப்படி அறிவித்தேன். எழுதி முடித்ததை வலையேற்றுவது மனைவியின் வேலை; நான் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று மாதம் நிம்மதியாகப் போனது.

நேற்றுக் காலை அண்ணன் சங்கரலிங்கம் அல்வாப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட வராதவர். மூத்தவர் செய்ய வேண்டியதை நான் செய்தேன். பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை.

"எலே, அண்ணனை மன்னிச்சுட்டேன்னு போன ஞாயித்துக்கிழமை எழுதியிருந்தியே! படிச்சதும் பஸ் ஏறிட்டேன்."

நான் அப்படி எழுதவே இல்லை. அடுப்படிக்குப் போய் மனைவி கோமதியைக் கேட்டேன்.

"நீங்க எழுதாத வாரத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர்ல அந்த ஏ.ஐ. மெஷினை எழுத விட்டேன். உங்க பழைய பதிவு, டைரி எல்லாம் அதுக்குக் கொடுத்தேன். இருக்கிற வாசகரும் போயிடக் கூடாதுல்ல?"

"டைரியில நான் அவரை மன்னிக்கலையே!"

"அதுக்கு அப்படித் தோணியிருக்கு. எனக்கும் படிக்க நல்லாத்தான் இருந்துச்சு. வெளியிட்டுட்டேன்."

கூடத்தில் அண்ணன், அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். காபியோடு வந்த கோமதி முந்திக்கொண்டு அண்ணனிடம் சொன்னாள்.

"அந்த ஒரு பதிவை எழுத மூணு நாள் சரியாச் சாப்பிடக்கூட இல்லை அத்தான், இவரு."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கோமதி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.