கடைசிப் பக்கம்

"அந்தப் பொண்ணுக்குப் பூஜ்யம்தான் சார் போட முடியும்" என்றேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூஜ்யம்னா அவங்க இந்தப் பாடத்தை அடுத்த வருஷம் திரும்பப் படிக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். வாயே திறக்காதவங்களுக்கு வேற என்ன போடறது? நியாயம்னு ஒண்ணு இருக்கே!"

நியாயத்தைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் ஏது.

எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இந்தப் பாடத்தை யாரும் நடத்துவதில்லை. சீக்கு வந்த ஒரு மாட்டின் கதையை வாரம் ஒரு பக்கமாகக் கொடுப்பார்கள். ஆறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பேசி, தேடிப் படித்து, நோயை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். யார் எவ்வளவு யோசித்தார்கள் என்று பத்துக்கு மார்க் போடுவது குழுத் தலைவர்.

தலைவர் நான். எனக்குப் பத்து போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்று போட இடமில்லை.

இந்த முறை வந்த மாடு தீனி எடுக்கவில்லை. பால் குறைந்துவிட்டது. மேட்டில் ஏறுகிறது, இறங்கும்போது முனகுகிறது. மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நான் மோவாயைத் தடவியபடி கேட்டேன்.

"தொழுவத்துப் பக்கத்துல ஏதாவது கட்டட வேலை நடக்குதா?"

அடுத்த பக்கத்தைப் பிரித்தால், ஆமாம், சுவர் கட்டுகிறார்கள்! தீனியோடு ஒரு கம்பித் துண்டையும் மாடு விழுங்கியிருந்தது. அதுதான் வயிற்றைக் குத்திக்கொண்டிருந்தது.

"எப்படிடா தோணிச்சு உனக்கு?" என்று வாயைப் பிளந்தார்கள்.

எப்படித் தோன்றாமல் இருக்கும்? கடைசிப் பக்கத்தின் ஜெராக்ஸ் முதல் நாளே என் பைக்குள் இருந்தது. சீனியர் ஒருத்தர் கொடுத்தது. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதே என்று முதல் வாரம் இரண்டு தப்பான நோய்களைக்கூடச் சொல்லிவைத்தேன். அவ்வளவு தொழில் சுத்தம்.

அவள் மட்டும் மூன்று வாரமும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தாள். நாங்கள் சொல்வதைப் போர்டில் எழுதுவாள், அவ்வளவுதான். "பிள்ளையார்" என்று பட்டப்பெயர் வைத்ததும் அடியேன்தான்.

பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கையில் போர்டு மையோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, மூணு வாரமா ஒரு வார்த்தைகூடப் பேசலையாமே?"

"ஆமா சார்."

"பாடம் புரியலையா?"

"இல்ல சார்." கொஞ்சம் தயங்கினாள். "எங்க அண்ணன் போன வருஷம் இதே மாட்டைத்தான் படிச்சான். சாப்பிட உக்காந்தா அந்தக் கம்பிக் கதைதான். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு விடை தெரிஞ்சிடுச்சு."

"அப்ப சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மத்தவங்க தேடிப் படிக்க மாட்டாங்க. தெரிஞ்சுக்கிட்டே யோசிக்கிற மாதிரி நடிக்கவும் மனசு வரலை. அதான் எழுதற வேலையை மட்டும் எடுத்துக்கிட்டேன். பூஜ்யம் போட்டாலும் சரிதான் சார். நான் யோசிக்கலைங்கறது நிஜம்தானே?"

என் மடியில் இருந்த பை திடீரென்று மாட்டுக் கனம் கனத்தது. வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கப்பட முடியும் என்பதே எனக்குப் புதுசு.

பேராசிரியர் மார்க் தாளை என் பக்கம் தள்ளினார். "என்ன தலைவரே, கையெழுத்துப் போடறீங்களா? இல்ல, எதையாவது மாத்தணுமா?"

பேனாவை எடுத்தேன். அவளுடைய பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு ஒன்று போட்டேன். என்னுடைய பத்தில் இருந்த ஒன்றை அடித்தேன்.

மூன்று வாரத்தில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே விடை அதுதான்.