இருபது நிமிட ஆட்டம்

"அக்கா, சொன்னாக் கேளுங்க. இதுல இருக்கறதை அழிச்சிட்டா, அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்ப வராது."

"விண்டோஸை அழிச்சிட்டு லினக்ஸ் போடுங்க தம்பி."

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரால் காதோரம் சொறிந்துகொண்டார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக ஊசி பிடிக்கும் அக்கா, இப்போது ஆன்லைனில் துப்பாக்கி பிடிக்கிறாராம்.

"சுடற கேம் ஆடறவங்க யாராவது லினக்ஸுக்குப் போவாங்களா? பாதி கேம் அதுல தொறக்கவே தொறக்காதுக்கா."

"இது தொறக்கும். விசாரிச்சுட்டேன். நான் சேர நினைக்கற டீம்ல லினக்ஸ்ல ஆடறவங்களைத்தான் சேப்பாங்க."

"ஏன், உலகத்துல வேற டீமே இல்லையா?"

"எனக்கு அதுதான் வேணும்."

"நல்ல வீம்புக்கா உங்களுக்கு!"

"எங்க குடும்பத்துக்கே ரத்தத்துல இருக்கு. டெஸ்ட் பண்ணாமலே சொல்லுவேன்."

"போட்டுத் தர்றேன். கேமை ஓட வைக்கறது உங்க பாடு."

பாடுதான். முதல் நாள் திரை கறுப்பாகவே நின்றது. மறுநாள் படம் வந்தது, சத்தம் வரவில்லை. கட்டளைகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ரத்தக் குழாயின் லேபிளைச் சரிபார்ப்பதுபோல எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். நான்காம் நாள் கேம் திக்காமல் ஓடியது.

தேர்வு ஆட்டத்தில் மூன்றாவது நிமிடமே செத்துப்போனாள். அணியின் கேப்டனுக்கு ஆட்டத்தில் 'ஆந்தை' என்று பெயர். கறாரான ஆள். உடனே செய்தி வந்தது: 'கை ரொம்ப மெதுவா இருக்கு. வேற டீம் பாருங்க.'

'இன்னொரு சான்ஸ் குடுங்க' என்று தட்டினாள்.

'அடுத்த மாசம் பாக்கலாம்.'

அந்த மாதம் முழுவதும் வேலைக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம், திரும்பியதும் ஒன்றரை மணி நேரம். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினாள்.

வழியில் பார்த்த கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, துப்பாக்கியைக் கீழ வச்சாச்சா?"

"வைக்கறதா? நேத்து ஏழு பேரைச் சுட்டேன்."

"அடேயப்பா! இனி உங்ககிட்ட ரத்தம் குடுக்க வரவே பயமா இருக்கே!"

இரண்டாவது தேர்வில் கடைசிவரை நின்றாள். 'ஆந்தை' ஒரே வரி எழுதியிருந்தது: 'சேர்த்தாச்சு. ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் மேட்ச்.'

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே குளித்துத் தலைசீவி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் எழுத்திலேயே சமாளித்தவள், இன்று மைக்கை ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாள். மவுஸைப் புடவைத் தலைப்பில் துடைத்து வைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. இனி இருபது நிமிடத்துக்குக் கேப்டன் நகர முடியாது. நடுவில் வெளியேறினால் அணியையே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

ஹெட்போனில் 'ஆந்தை'யின் குரல் கேட்டது. "புதுசா வந்தவங்க, மைக்கை ஆன் பண்ணுங்க. பேசாம ஆட முடியாது."

மைக்கை ஆன் செய்தாள்.

"போன்னா உடனே வச்சிடுவே. இப்ப வைக்க முடியாதுல்ல? அம்மா பேசறேன்டா."