பின்னாடி எடுக்க மாட்டேன்

“வேனைப் பின்னாடி எடுய்யா.”

எதிரே வந்த காரின் கண்ணாடி இறங்கி, உத்தரவு வந்தது. வேன் டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

“எடுக்க மாட்டேன் சார்.”

மண் சரிந்து, ஒரே ஒரு வண்டி போகிற அளவுக்கு மலைச்சாலை குறுகிப்போன இடம். இறக்கத்தில் வேன் முக்கால்வாசி தாண்டிய பிறகுதான் அந்தப் பெரிய கார் மூக்கை நுழைத்தது. கொஞ்சம் பின்னால் போனால் காருக்கு ஒதுங்க இடம் இருக்கிறது. மனசுதான் இல்லை.

“நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க. தெரிஞ்சாலும் எடுக்க மாட்டேன்.”

வேனுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. இரண்டு மலை ஊர்களுக்கு நடுவே சின்னப் பயணம்தான். வழியெல்லாம் அருவியும் பள்ளத்தாக்கும். அதைப் பார்க்க வந்த கூட்டம், இப்போது டிரைவரின் பிடரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தது.

“திமிரைப் பாரேன்” என்றார் தொப்பிக்காரர் ஒருவர்.

“பெரிய மனுஷங்களோட நமக்கு என்னப்பா வம்பு? ஒதுங்கித் தொலை” என்றது பின் சீட்டு.

மூன்றாவது வரிசையில் அண்ணனும் தங்கையும். மேலே இருக்கிற ஊரின் பெரிய ஹோட்டலில் இருவருக்கும் வேலை. அவன் ரிசப்ஷனில், அவள் சலவை அறையில். போன வாரம் அங்கே நீராவிக் குழாய் வெடித்து, கூட வேலை பார்க்கும் அக்காவின் கை வெந்துபோனது. அக்காவின் கவனக்குறைவு என்று வேலையை விட்டு அனுப்பிக் கதையை முடிக்கப் பார்த்தது நிர்வாகம். ‘குழாய் ரொம்ப நாளாவே ஒழுகுது, சொல்லியும் யாரும் சரி பண்ணலை’ என்று வாயைத் திறந்தவள் இவள் ஒருத்திதான். சொன்னது தப்பு என்று சொல்ல வைக்கத்தான், கீழே இருக்கிற ஊரில் ஹோட்டலின் தலைமை ஆபீசுக்கு அண்ணன் இழுத்துக்கொண்டு போகிறான்.

“பாத்தியா? வீம்பு பிடிச்சா இப்படித்தான் நடுரோட்டுல நிக்கணும்” என்றான் காதோரம். “எனக்குச் சரியாத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நம்ம ரெண்டு பேர் வேலையும் தப்பிக்கும்.”

“அக்கா வேலை?”

“ஊர்க் கவலையெல்லாம் உனக்கு எதுக்கு?”

அவள் டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்க்காரர் இறங்கி வந்து கத்தினார். லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்றார். யாருக்கோ போன் போட்டு, சிக்னல் கிடைக்காமல் போனையும் திட்டினார். டிரைவரோ ஸ்டீயரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு, அருவியை ரசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வேனில் அருவியைப் பார்த்த ஒரே ஆள் அப்போது அவர்தான்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கார் உறுமிக்கொண்டே பின்னால் போய் ஒதுங்கியது.

வேன் கடந்தபோது அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஒரு வேன் டிரைவர் நிற்கலாம் என்றால் தான் ஏன் நிற்கக் கூடாது? அதன் பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

ஸ்டாண்டில் கூட்டம் கலைந்ததும் டிரைவரிடம் போனாள்.

“அவர் அவ்வளவு மிரட்டியும் நீங்க அசையவே இல்லையே, அண்ணே.”

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“நீ வேறம்மா. பாதி வழியில ரிவர்ஸ் கியர் போயிடுச்சு. இப்ப நேரா மெக்கானிக்கிட்டதான் போறேன்.”

“அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“முடியலைன்னு சொன்னா ஏறி மிதிப்பாங்கம்மா. மாட்டேன்னு சொன்னாத்தான் கொஞ்சம் யோசிப்பாங்க.”

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆபீஸ் வாசல் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

“பெருசா வீரம்னு நினைச்சே. கடைசியில வண்டிக் கோளாறு. சரி, உள்ளே போய் என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு. ஆனா எனக்கும் ரிவர்ஸ் விழ மாட்டேங்குது அண்ணா” என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னால் படியேறினாள்.