கரண்ட்டே போதும்

சுகிர்தா டாக்டரைக் கிழிக்கத்தான் போகிறாள் என்று அவள் புருஷன் எட்வர்ட் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி ஸ்டீல் மில்லில் எல்லோரும் நம்பினார்கள். கிளப்பி விட்டதே அவர்கள்தான். “உன் புருஷன எலி மாதிரி வெச்சி டெஸ்ட் பண்ணிக்கினாங்க. வுடாத, கேளு.”

டாக்டரைப் பார்க்க அவள் கவரைப்பேட்டையில் ஏறிய ரயிலில் சுப்பராயனும் செக்கப்புக்காக ஏறினார். நிலபுலன் உள்ளவர். எட்வர்டின் அப்பா அவர் கழனியில் ஏர் ஓட்டியவர். எட்வர்டுக்கு வந்த அதே அபூர்வமான மூளைப் புற்றுநோய்தான் அவருக்கும். நோய்க்கு ஊரும் காலனியும் தெரியாதே.

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஆராய்ச்சி. இருவருக்கும் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. கூடவே ஒரு புது மாத்திரையும் கொடுத்தால் பலன் கூடுமா என்பதுதான் சோதனை. கம்ப்யூட்டர் குலுக்கலில் மாத்திரை எட்வர்டுக்கு விழுந்தது. சுப்பராயனுக்கு வெறும் கரண்ட்.

எட்வர்ட் போய்விட்டான். துக்கம் கேட்க வந்த சுப்பராயன் காலனி முனையிலேயே நின்றுகொண்டார். சுகிர்தா கொடுத்தனுப்பிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. வழக்கம் அப்படி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துத் தன்மையாகத்தான் பேசினார்.

“மாத்திரையால பிரயோஜனம் இல்லம்மா. சாப்பிட்ட உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார். சாப்பிடாத ஐயாவுக்குக் கட்டி சுருங்கிடுச்சு. மத்தவங்க ரிசல்ட்டும் சுமார்தான். இனி யாருக்கும் இதைக் கொடுக்கப் போறதில்லை.”

வெளியே அதே நோயோடு ஒரு சின்னப் பெண் காத்திருந்தாள். அந்த மாத்திரை தனக்கும் கிடைக்குமா என்று சற்று முன்புதான் சுகிர்தாவிடம் கேட்டிருந்தாள்.

சுகிர்தா சுப்பராயனைப் பார்த்தாள். அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள்.

அவர் டாக்டரைக் கும்பிட்டார். “எனக்கு கரண்ட்டே போதுமா இருந்துச்சிங்க. எல்லாம் கடவுள் புண்ணியம்.”

சுகிர்தா டாக்டர் பக்கம் திரும்பினாள். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எட்வர்ட் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். போகட்டும் அந்தச் சத்தியம்.

“மாத்திரைய நிறுத்தாதீங்க டாக்டர். எங்க ஊட்டுக்காரரு அத ஒரு நாளும் போடல. ‘பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆவலடா’ன்னு இந்த ஐயா ரயில்ல அழுதாரு. தெனமும் எங்க ஊட்டுக்காரரு கையாலதான் இவுரு மாத்திரைய வாங்கி முழுங்கினாரு.”

சுப்பராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

“தண்ணியும் எங்க ஊட்டு பாட்டில்தான்” என்றாள் சுகிர்தா.