சோலோ அக்கா

“நிறுத்துங்க! அந்த இடத்துலதான். இப்பப் பாருங்க, அவ வாயை!”

கணவர் செல்போனை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். போன ஞாயிறு ஆராதனையில் அவரே எடுத்த வீடியோ. வெள்ளை அங்கியில் மனைவி கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர் பின்னால், பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில், இந்த ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ். பாட்டின் கடைசி வரியில் நர்சின் வாய் திறந்திருந்தது.

“கொட்டாவி விட்டிருக்கும்.”

“கொட்டாவியா? நல்லாப் பாருங்க. பாடறா! என் சோலோவுல, என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுப் பாடறா!”

சபையில் அவளுக்குப் பெயரே சோலோ அக்காதான். உச்சத்துக்குப் போய் அங்கேயே நீண்டு நிற்கிற அந்தக் கடைசி வரியை வேறு யாரும் பாடியதில்லை. முடிந்ததும் முன் பெஞ்சில் யாராவது கண்ணைத் துடைப்பார்கள். அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

நர்ஸ் வந்த பிறகு அந்தச் சுகம் போயிற்று. ஆளும் இளசு, குரலும் இளசு. பிராக்டிஸில் அவள் வாயைத் திறந்தால் ஆர்கன் வாசிக்கிறவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன் பாட்டுக்கு அந்த மனுஷன் கழுத்தைக்கூடச் சொறிந்ததில்லையே என்று சோலோ அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

“சாயங்காலம் பிராக்டிஸ்ல நாலு பேர் முன்னாடியே கேட்டுடறேன்.”

“கொஞ்சம் பொறும்மா” என்றார் கணவர். மறுநாள் ஆராதனையில் பைபிளிலிருந்து வேதபாடம் வாசிப்பது அவர் முறை. “இதைக் கேளேன். எபேசு பட்டணத்துல ஒரு கூட்டம் ரெண்டு மணி நேரம் கத்தியிருக்கு. பாதிப் பேருக்கு எதுக்குக் கூடினோம்னே தெரியலை. கடைசியில அந்த ஊர் எழுத்தர் வந்து, அமைதியா இருங்க, பதறி எதையும் செஞ்சிடாதீங்கன்னு சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்.”

“அவர் பாட்டை எவளாவது திருடினாளா? திருடியிருந்தா அவரும் சேர்ந்து கத்தியிருப்பார்.”

கணவர் சிரித்துவிட்டார். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் எரிந்தது.

சாயங்காலம் கைப்பையை ஆர்கன் மேல் தொப்பென்று வைத்தாள்.

“மாஸ்டர், சோலோன்னா எத்தனை பேர் பாடறது?”

பாடகர் குழு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒருத்தர்தாம்மா. ஏன்?”

அவள் போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினாள். முன்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “அட, ஆமா!” என்றாள் ஒருத்தி. நர்சின் முகம் வெளுத்தது.

“அம்மா, அது என்னன்னா...” என்று மாஸ்டர் ஆரம்பித்தார். நர்ஸ் அவரைப் பார்த்து அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

“என்ன, கண்ணாலேயே பேசிக்கறீங்க? ஏய், நீ சொல்லு. பாடினியா, இல்லையா?”

“பாடினேன்க்கா.”

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?”

“இன்னைக்கு வேண்டாம்மா” என்றார் மாஸ்டர். “நாம ரெண்டு பேரும் ஆற அமர உக்காந்து பேசலாம்.”

“பேசறதுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு இவ என் பின்னாடி நிக்கக் கூடாது. நின்னா, அங்கியைக் கழட்டி வச்சிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்.”

“நான் ஓரமா நிக்கறேன்க்கா” என்றாள் நர்ஸ். “அந்தப் பாட்டுல வாயே திறக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை கணவர் வேதபாடம் வாசித்தார். எழுத்தர் கூட்டத்தை அமர்த்துகிற இடம் வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, பாடகர் குழுப் பக்கம் பார்த்தார். சோலோ அக்கா கூரையைப் பார்த்தாள்.

பாட்டு தொடங்கியது. கடைசி வரி வந்தது. கொஞ்ச நாளாகவே அந்த இடத்தில் அவளுக்குத் தொண்டை இறுகும். ஆனாலும் எப்படியோ குரல் எழும்பி ஆலயம் முழுக்க நிறைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

ஆர்கன்காரர் அதே இடத்தைத் திரும்ப வாசித்தார். மறுபடியும் காற்று. முன் பெஞ்சில் யாரோ இருமினார்கள். வரிசையின் ஓரத்தில் நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ‘பாடட்டுமா?’ என்பது போல அவள் கண்கள் கெஞ்சின. சோலோ அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசி வரி இல்லாமலேயே பாட்டு முடிந்தது.

அங்கி மாற்றும் அறையில் முதல் வேலையாக நர்சைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா வேடிக்கை பார்த்தியா? மனசு குளிர்ந்துச்சா?”

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். சோலோ அக்கா அங்கியை உருவி நாற்காலியில் எறிந்தாள்.

“மாஸ்டர், இனிமே சோலோவை அவளுக்கே குடுத்துடுங்க. அதுக்குத்தானே வந்த நாள்லேர்ந்து அலையறா!”

மாஸ்டர் அங்கியை எடுத்து, உதறி, கொக்கியில் மாட்டினார்.

“உன் குரல் அந்த இடத்துல உடைய ஆரம்பிச்சப்பவே அவளுக்குக் குடுத்துட்டேம்மா. வேண்டாம்னுட்டா. ‘அக்காவே பாடட்டும் மாஸ்டர், அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் பின்னாடி நின்னுக்கறேன்’னா.”