காவலுக்கு ஒரு கப்பல்

விளையாட்டுப் பலகைக் கடலில் நீலக் கப்பல்களுக்கும் சிவப்புக் கப்பல்களுக்கும் போர். நீலத் தலைமைக் கப்பல் முதல் தீவைப் பிடித்ததும், சிவப்புப் படையின் கிழட்டுப் படகு ஒன்று பக்கத்தில் வந்து, "பிரமாதம்! நல்ல அடி!" என்று சிரித்தது.

'தோத்தவன் எதுக்குச் சிரிக்கிறான்?' தலைமைக் கப்பலுக்குச் சந்தேகம் வந்தது. தீவில் ஏதோ சூது இருக்கிறது என்று ஒரு கப்பலைக் காவலுக்கு விட்டுவிட்டு நகர்ந்தது.

அடுத்த தீவு சண்டையே இல்லாமல் விழுந்தது. சந்தேகம் இன்னும் கூடியது. அங்கே இரண்டு கப்பல்களை நிறுத்தியது.

"அண்ணே, இப்படி விட்டுட்டே போனா கடைசியில நம்மகூட யாரு வருவா?" என்றது படைக்கு எண்ணெய் சுமந்து வந்த எண்ணெய்ப் படகு.

"உன்னை இப்படிக் கேக்கச் சொன்னது யாரு?" என்று முறைத்த தலைமைக் கப்பல், அடுத்த தீவில் அதையே காவலுக்கு நிறுத்தியது.

கடைசித் தீவுக்குப் படை போதவில்லை. சொந்தத் துறைமுகத்தின் காவல் கப்பலையும் வரவழைத்தது. தீவு விழுந்ததும் அந்தக் கப்பலையும் அங்கேயே காவலுக்கு விட்டது. இப்போது பலகை முழுக்க நீலக் கொடி. கிழட்டுப் படகை மட்டும் காணோம்.

எண்ணெய் தீர்ந்து, அலையில் ஆடி ஆடி, தலைமைக் கப்பல் தனியாக ஊர் திரும்பியது. துறைமுக வாசலில் கிழட்டுப் படகு குறுக்கே நின்றது.

"இங்கே உனக்கென்ன வேலை?"

"எல்லாத் தீவுக்கும் காவல் போட்டீங்க. இது மட்டும் திறந்து கிடந்துச்சு, மனசு கேக்கல," என்றது கிழட்டுப் படகு. "அது இருக்கட்டும். நீங்க யாரு? எங்கேயிருந்து வர்றீங்க?"