மலையுச்சியில் மாமியார்

தண்ணீரும் மின்சாரமும் இல்லாத அந்த மலையுச்சியில் உள்ளேயே படுத்துத் தூங்கும் குட்டி வீட்டு வண்டிகள் இரண்டே இரண்டு நின்றன. ஒன்றில் வந்தவர் ஒரு வாத்தியார். இன்னொன்றில் ஒரு மாமியாரும் அவள் மருமகனும்.

"மாப்ளே, தெரியுதா?"

"இன்னும் இல்ல, அத்தை." மருமகன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்தும் தெரியல. நல்லாப் பாருங்க."

வாத்தியார் சிரித்தார். "நட்சத்திரம் எங்கேம்மா ஓடிடப் போகுது? இந்த வயசுல இப்படி ஒரு ஆசையா!"

"ஆசை இல்லாமலா தம்பி, இந்த டப்பாவுக்குள்ள இவர் குறட்டையைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன்?"

"உங்க குறட்டைக்கு என்னுது தேவலை... அத்தை! தெரியுது!"

அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்தவள் அழுதேவிட்டாள்.

"நானும் பாக்கலாமா?" என்று குனிந்த வாத்தியாருக்கு வானமே தெரியவில்லை. பள்ளத்தாக்கில் ஓர் ஆஸ்பத்திரி. மாடி ஜன்னலில் டார்ச்சை ஆட்டியபடி ஒரு பெண்.

"என் பொண்ணு தம்பி. தொத்து நோய் வார்டு, யாரையும் உள்ள விடமாட்டாங்க. போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. எழுந்து நிக்கிறாளான்னு கண்ணால பாக்க வேணாமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"மாப்ளே, வண்டி விளக்கைப் போட்டுப் போட்டு அணைங்க. நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சாத்தானே அவ போய்ப் படுப்பா?"